என்பும் உலோகமும்: செயற்கைப் பல் நாட்டலின் வரலாறு

‘பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு’ என்பது முதுமொழி. பல்லிழந்தவன் சொல்லை மட்டுமன்றி உணவின் சுவையையும் முகப்பொலிவையும் இழக்கின்றான். ஆதலின், இழந்த பல்லின் இடத்தில் வேறொன்றை நாட்டும் முயற்சி மிகப் பழைமையானது. 1931ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸ் நாட்டில், ஏறக்குறைய கி. பி. 600ஆம் ஆண்டினதான மாயர் தாடையென்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று பற்களின் இடத்திற் பல்வடிவாகச் செதுக்கிய சிப்பித் துண்டுகள் பொருந்தியிருந்தன. 1970இல் ஆராயப்பெற்ற கதிர்ப்படங்கள், அவற்றைச் சூழ என்பு வளர்ந்திருந்தமையைக் காட்டின. அவை உயிருள்ள ஒருவரின் வாயில் நாட்டப்பட்டவை என்பது அதனாற் புலனாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் ஜோன் ஹண்டர் என்னும் சத்திரசிகிச்சை வல்லுநர், ஒருவரின் பல்லைப் பிடுங்கி மற்றொருவரின் வாயில் நாட்டும் முறையை ஆதரித்தார். 1771இற் பற்களைப் பற்றிய நூலொன்றும் வெளியிட்டார். வறியோர் சிறுபணத்துக்குத் தம் பற்களை விற்றனர். செல்வர் அவற்றைத் தம் வாயிற் பதித்தனர். நாட்டிய பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. நோய்களும் உடன் பரவின. வறியவனுக்கு நிலையான இழப்பு, செல்வனுக்கு நிலையாத ஊதியம். இதுவே அம்முறையின் பயனாயிற்று.

பின்னர்ப் பொன் முதலிய உலோகங்கள் சோதிக்கப்பட்டன. 1930களின் பிற்பகுதியிற் பொஸ்ரன் நகரில் அல்வின் ஸ்ட்ரொக் என்பார் கோபால்ற்றுக் கலப்புலோகத் திருகாணிகளைத் தாடையில் நாட்டினார். ஆயினும், அக்காலத்தில் நாட்டப்பட்டவற்றுட் பலவற்றைச் சூழ நாரிழையம் படர்ந்தமையால், அவை காலப்போக்கில் ஆட்டங்கண்டன.

இந்நிலையை மாற்றியவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்-இங்வார் புறோனமார்க் (1929–2014). அவர் 1952ஆம் ஆண்டளவில் லுண்ட் பல்கலைக்கழகத்தில், முயலின் காலென்பினுள் நிகழும் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். அதன்பொருட்டுத் தைட்டானியத்தாலான சிறு நோக்குகருவியொன்றை என்பினுட் பதித்தார். ஆய்வு முடிந்தபின் அதனை எடுக்க முயன்றபோது, அஃது என்போடு இறுகப் பிணைந்திருந்தது. பிறரொருவர் இதனை இடையூறெனக் கருதியிருத்தல் கூடும். அவரோ இதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். தைட்டானியத்தின் மேற்பரப்பில் இயல்பாக உண்டாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அதனை அரிப்பினின்றுங் காக்கின்றது. உயிருள்ள என்பும் அப்பரப்பை ஏற்று வளர்கின்றது. நம் நாட்டுப் புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இவ்வுலோகத்தின் தாது உண்டென்பது ஈண்டு நினையத்தக்கது.

1965இற் கொதென்பேர்க் நகரில், பிறப்பிலேயே தாடைக் குறைபாடுடைய ஒருவரின் கீழ்த்தாடையில் அவர் தைட்டானியத் திருகாணிகளை நாட்டினார். அவை அந்நோயாளி 2006இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுக்கு மேலாகப் பயன்பட்டன. எனினும் பல் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. நெடுங்காலப் பதிவுகள் 1982இல் ரொறன்ரோ மாநாட்டில் எடுத்துரைக்கப்பட்ட பின்னரே அம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

இம்முறையின் வெற்றிக்கு உலோகம் மட்டுங் காரணமன்று. என்பு 47 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு நிமிடம் இருப்பினும் ஊறுபடும் என 1983இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆதலின், உப்புநீராற் குளிர்வித்து மெதுவாகத் துளையிடல் வேண்டும். தொடக்க முறையிலே திருகாணியை முரசினால் மூடிக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேற்றாடையில் ஆறு மாதமும் காத்திருந்தனர். கீழ்த்தாடையினூடு செல்லும் நரம்பு ஊறுபட்டால் உதடு மரத்துப்போகும். எனவே அந்நரம்புக்கும் திருகாணிக்கும் இடையே இரண்டு மில்லிமீற்றராயினும் விடுதல் மரபு. இக்காலத்தில் கணினிவழிக் கதிர்ப்படம் என்பின் உயரத்தையும் அகலத்தையும் முன்கூட்டியே காட்டுகின்றது. அமையவேண்டிய பல்லை முதலில் மனத்திற்கொண்டு, அதற்கேற்பத் திருகாணியின் இடத்தையுஞ் சாய்வையும் வரையறுப்பதே நல்ல திட்டமாகும்.

வறியவனின் பல்லைப் பறித்துச் செல்வனுக்கு நாட்டிய கொடுமையை உலோகம் தேவையற்றதாக்கிற்று. ஆயின் இன்றும் இச்சிகிச்சையின் செலவு வறியோர் பலருக்கு எட்டாததாகவே உள்ளது. என்பு உலோகத்தை ஏற்கும் வழியை அறிவியல் கண்டது; அதன் பயன் எல்லோருக்கும் எய்தும் வழியைச் சமுதாயமே காணல் வேண்டும்.