சொல்லை எங்கே வெட்டுவது?

ஆவடியை அடுத்த கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். அண்மையில் முதலாண்டு மாணவர் ஒருவர் ஆங்கிலப் பாடநூலும் கையுமாக வந்தார். தமிழ்வழியில் பயின்றவர். 'அன்கம்ஃபர்டபிள்' என்னும் சொல்லருகே நின்றுவிட்டார். வகுப்பில் எழுந்து படிக்க வேண்டிய நாளில் விடுப்பு எடுத்துவிடுவாராம்.

நான் கரும்பலகையில் எழுதியது 'நடந்தனன்' என்பதை. பதிமூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பதவியலில் பகுபத உறுப்புகள் 6 என வகுத்தார். நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை, அன் சாரியை, ஈற்று அன் விகுதி. ஆறும் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. அதே சொல்லை யாப்பு நோக்கில் அலகிட்டால் நடந்/தனன். நிரை நிரை, கருவிளம். பொருளுக்கு ஒரு வெட்டு, ஓசைக்கு வேறொரு வெட்டு.

ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். பொருள் நோக்கில் அன் + கம்ஃபர்ட் + அபிள். ஓசை நோக்கில் அன்-கம்-ஃபர்-ட-பிள். (அவர்களுடைய 'சிலபிள்' நம் அசை அன்று, அதில் உயிர் ஒன்றே, நம் நிரையில் இரண்டு. இதை மறந்து இரண்டையும் ஒன்றெனக் கூறும் உரைநூல்களைக் கண்டால் எனக்குச் சினம் வரும்.)

எங்கே வெட்டுவது என்பதில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் மாறுபட்டனர். 1740இல் வெளிவந்த தில்வொர்த்தின் பாடநூல் 'கிளஸ்டர்' என்பதைக் 'கிள-ஸ்டர்' என்றே பிரிக்கும் பழைய மரபினது. 1783இல் நோவா வெப்ஸ்டர் தம் எழுத்துக்கூட்டு நூலில் அதை மறுத்து, பலுக்கும்படியே 'கிளஸ்-டர்' எனப் பிரித்தார். 'ஷன்' என ஒலிக்கும் ஈற்றையும் இரண்டாக உடைக்காமல் ஓரசையாகக் கொண்டார். சிறுவர் வாய்க்கு எது எளிது என்பதே அவர் அளவுகோல். நம் எழுத்து உயிர்மெய்யாக அமைந்ததால் இச்சண்டை நமக்கு நேரவில்லை.

மாணவர் இருமுறை முயன்று சொல்லைப் படித்துவிட்டார். பிறகு, "ஐயா, ஆவடியை எப்படிப் பிரிப்பது?" என்றார். டாங்கித் தொழிற்சாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்ததே அப்பெயர் என்று ஊரில் யாரோ சொன்னார்களாம். அத்தொழிற்சாலை நிறுவப்பட்டது 1961இல். காங்கிரஸ் மாநாடோ 1955இலேயே ஆவடியில் நடந்தது. அதன் சோசலிசத் தீர்மானம் ஆவடித் தீர்மானம் என்றே பெயர் பெற்றது. இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் அம்பத்தூர் ஐம்பத்தொன்றாம் ஊரா ஐயா?" என்று அடுத்ததைத் தொடங்கினார்.