மன்னார் படுகொலை: 1984 டிசம்பர் 4

1984 டிசம்பர் 4 ஆம் திகதி மன்னார் மாவட்டத்தில் இராணுவ ஜீப் வண்டித் தொடரொன்று கண்ணிவெடியில் சிக்கியது. படைவீரர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் சுமார் 30 படையினர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் எதிர்ப்பட்ட பொதுமக்கள் மீது துப்பாக்கியைத் திருப்பினர்.

பேருந்துகளிலும் பிற வாகனங்களிலும் சென்றவர்கள் சுடப்பட்டனர். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் தப்பவில்லை. தபாலகத்தில் கடமையிலிருந்த ஊழியர்கள் அங்கேயே கொல்லப்பட்டனர். அரச சேவையில் இருப்பது கேடயமாகும் என்று நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நாள் வேறு பாடத்தைச் சொன்னது. வைத்தியசாலையும் கன்னியர் மடமும் தாக்குதலுக்குள்ளாகின. கொல்லப்பட்டோர் தொகை 107 என்றும், 150 வரை என்றும் பதிவாகியுள்ளது. கண்ணிவெடி வைத்தவர்கள் இவர்கள் அல்லர்.

ஒன்பது நாட்களின் பின், டிசம்பர் 13 அன்று, மனித உரிமைப் பணியில் ஈடுபட்டிருந்த மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6 இல் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளாரும் கொல்லப்பட்டார். மக்களுக்காகப் பேசக்கூடிய இரு குரல்கள் ஒரு மாத காலத்துக்குள் அடங்கிப்போயின.

படையினர் மக்கள் மீது சுட்டதை ஒரு தேசமே நினைவில் வைத்திருக்கும் இன்னோர் ஊர் அமெரிக்காவின் பொஸ்டன். 1770 மார்ச் 5 இல் பனிக்கட்டியும் தடியும் எறிந்த கூட்டத்தின் மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் ஐவர் இறந்தனர். அதே ஆண்டிலேயே கப்டனும் எட்டுப் படையினரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். கப்டனும் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டனர். இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பெருவிரலில் சூடு வாங்கினர். தீர்ப்பு போதுமானதா என்பது வேறு கதை. சாட்சிகள் பேசினார்கள், எதிர்த்தரப்பு வாதாடியது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் அங்கே விடுதலைப் போர் மூண்டது.

அதைவிட இருபது மடங்குக்கு மேற்பட்டோர் இறந்த மன்னாரில் எந்தப் படைவீரரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கான வழி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தது. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983 ஜூனில் கொண்டுவரப்பட்ட அவசரகால விதி 15ஏ, மரண விசாரணை இன்றியே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ அதிகாரம் அளித்தது. விசாரணை இல்லையென்றால் வைத்திய அறிக்கை இல்லை. அறிக்கை இல்லையென்றால் வழக்கு எங்கே நிற்கும்?

மிச்சமிருந்த கதவை நாடாளுமன்றம் மூடியது. 1977 ஆகஸ்ட் மாத வன்முறைக் காலத்துக்கென 1982 இல் ஒரு விலக்களிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லப்படும் செயல்களுக்காக அதிகாரிகள் மீதும் படையினர் மீதும் வழக்குத் தொடர முடியாது என்பதே அதன் சாரம். 1988 இல் வந்த திருத்தம் அந்தப் பாதுகாப்பை 1988 டிசம்பர் 16 வரை நீட்டியது. மன்னாரின் டிசம்பர் 4 அந்தக் காலத்துக்குள்ளேயே வருகிறது.