கெமிஸ்தம்: ஒரு வேதியியல் புத்தகத்தின் கதை

பாடி, அம்பத்தூர் பக்கம் பிளஸ் டூ வேதியியலைத் தமிழில் படிக்கும் மாணவர்கள் உண்டு. அவர்களுடைய புத்தகத்துக்கு ஒரு மூத்த அண்ணன் இருக்கிறது. 1875-ல் வெளிவந்த அதன் பெயர் 'கெமிஸ்தம்'.

அதற்குக் காரணமானவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822-1884) என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரிலேயே தங்கி வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும் என்றால் தமிழில்தான் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1860-களில் வகுப்பு தமிழுக்கு மாறியது.

வகுப்பு மாறினால் போதுமா? புத்தகம் வேண்டாமா? உடற்கூறு, பிரசவம், அறுவை வைத்தியம் என ஒவ்வொன்றாகத் தமிழில் கொண்டுவந்தார். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் மருந்து கலக்க முடியாது அல்லவா? அதற்காக வந்ததே கெமிஸ்தம். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்துக்கொள்வது, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு மாற்றுவது என்பது அவர் வழி. புத்தகத்தின் பெயரே மூன்றாவது வகைதான்.

ஆனால் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1873-ல், கிறீன் அமெரிக்கா திரும்பிவிட்டார். அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நீடிக்கவில்லை. புத்தகம் வந்தபோது அதைப் படிக்க வேண்டிய வகுப்பு கலைந்துகொண்டிருந்தது.

புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை வைத்துப் பாடம் நடத்தும் வகுப்பு தொடர்ந்தால்தான் மாணவனுக்குப் பயன். கெமிஸ்தம் சொல்லித்தரும் கடைசிப் பாடம் இதுதான்.