பஜ்ஜியும் நூறு வருஷத்து அடியும்

காலைல ஆறு மணி. தூக்கக் கலக்கத்துல ஹாலுக்குள்ள வச்ச முதல் அடியே ஈரத்துல! நம்ம வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற சின்னவர் பேரு பஜ்ஜி. அபார்ட்மெண்ட் கேட் ஓரமா மழையில நடுங்கிக்கிட்டு இருந்த நாட்டு நாய்க்குட்டி. வயசு ரெண்டு மாசம் இருக்கும். தூக்கிட்டு வந்தது தங்கமணி. துடைக்கிறது நான் :-)

அந்த வாரம் ஆபீஸ்ல ஆணி வேற அதிகம். எரிச்சல்ல பேப்பரைச் சுருட்டி ஒண்ணு வச்சேன். "மூக்கைப் பிடிச்சு அதுலயே தேய்டா, அப்பத்தான் புத்தி வரும்"னு மாமா சொன்ன வைத்தியத்தையும் பண்ணினேன். பலன்? பஜ்ஜி ஹால்ல போறதை நிறுத்திடுச்சு. சோபாவுக்குப் பின்னாடி போக ஆரம்பிச்சுது. என்னைப் பார்த்தா வாலைச் சுருட்டிக்கிட்டுப் பம்முது. இதுக்கு நடுவுல வீட்டு ஓனர் கறாரா சொல்லிட்டார். மாசக் கடைசிக்குள்ள நாத்தம் நிக்கணும், இல்லைன்னா நாய் போகணும்.

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஏதாவது வேலை செய்யலைன்னா, இதை முதல்ல எவன் எழுதினான்னு தோண்டிப் பார்ப்போம். அப்படித் தோண்டினதுதான் இந்தப் பதிவு.

எங்க தாத்தா வீட்டுல மணின்னு ஒரு நாய் இருந்துச்சு. வாசல்ல படுக்கும், கொல்லைப்பக்கம் போகும். யாரும் சொல்லித் தரலை. நாயை மூணாவது மாடியில கதவைச் சாத்தி வச்சப்புறம்தான் இது ஒரு பாடமே ஆகுது.

நாய்ப் பயிற்சியை ஒரு முறையா எழுதி வச்சவங்கள்ல முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த போலீஸ் அதிகாரி கான்ராட் மோஸ்ட். புத்தகம் வந்த வருஷம் 1910. போலீஸ் நாய்கள், அப்புறம் முதல் உலகப்போர்ல ராணுவ நாய்கள்னு அவர் பழக்கினதெல்லாம் வேலைக்கார நாய்கள். கழுத்துப் பட்டையை வெடுக்குன்னு இழுக்கிறது, குச்சின்னு முரட்டு வழிதான். ஆனா மனுஷர் ஒரு விஷயத்துல கில்லாடி. நாய்க்கு நம்ம நியாய அநியாயம் புரியாது, பரிசோ தண்டனையோ அந்தக் காரியம் நடக்கிற நொடியிலேயே வரணும்னு தெளிவா சொல்லிட்டார். பின்னாடி வந்தவங்கள்ல நிறைய பேர் குச்சியைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. நொடியை விட்டுட்டாங்க.

உதாரணத்துக்கு அமெரிக்காவுல 1962ல வந்த வில்லியம் கோலர் புத்தகம். நாய் தோட்டத்துல குழி தோண்டினா, அந்தக் குழியில தண்ணி ஊத்தி நாயோட தலையை அதுக்குள்ள அமுக்கச் சொல்றார்! புத்தகம் சக்கைப்போடு போட்டுது. மாமாவோட வைத்தியத்துக்கு இது ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்குங்க.

இதே காலத்துல வேற ஒரு மூலையில ரெண்டு பேர் பொறுமையா குட்டிகளைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மெய்ன் மாநிலத்து பார் ஹார்பர்ல ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர். அஞ்சு ஜாதி நாய்களை வருஷக்கணக்கா கவனிச்சு 1965ல புத்தகமா போட்டாங்க. பிறந்த குட்டியால தானா ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது. அம்மா நக்கி விட்டாத்தான் வரும். அதைச் சுத்தம் பண்றதும் அம்மாதான். மூணு வாரம் ஆனதும் குட்டி தள்ளாடித் தள்ளாடி படுக்கிற இடத்தை விட்டு வெளிய வந்து போகுது. எட்டு ஒன்பது வாரத்துல தனக்குன்னு ஒரு இடம் பிடிச்சுக்குது.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பாதிப் பாடத்தை அம்மாக்காரி ஏற்கனவே முடிச்சு அனுப்பியிருக்கா. நாம காட்ட வேண்டியது இடத்தை மட்டும்தான்.

எப்படிக் காட்டுறது? 1951லயே சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகைல பி.எஃப். ஸ்கின்னர் எழுதிட்டார். சரியா செஞ்ச நொடியில 'டிக்'னு ஒரு சத்தம், உடனே ஒரு வாய் தீனி. அவ்வளவுதான். டால்பின் பழக்கின கேரன் பிரையர் 1984ல எழுதின புத்தகம் இதைச் சாதாரண ஜனங்க கிட்டயும் கொண்டு போச்சு. நீந்திப் போற டால்பினுக்குச் சங்கிலியா போட முடியும்? விசிலும் மீனும்தான் வழி.

"அதெல்லாம் சரி, திட்டினா அது முழிக்கிற முழியைப் பாரு, தப்புன்னு அதுக்கே தெரியுது"ன்னு மாமா விடலை. அதுக்கும் பதில் இருக்கு. நியூயார்க்ல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வச்சு 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பிஸ்கட்டைத் தின்னக் கூடாதுன்னு சொல்லிட்டு ஓனர் வெளிய போயிடணும். திரும்பி வரும்போது, நாய் தின்னுச்சா இல்லையான்னு அவர்கிட்ட சில சமயம் பொய்யா சொல்லுவாங்க. அந்தத் திருட்டு முழி, தப்புப் பண்ணின நாய்க்கு வரலை, திட்டு வாங்கின நாய்க்குத்தான் வந்துச்சு. தின்னாமலே திட்டு வாங்கினதுங்க இன்னும் அதிகமா முழிச்சுதாம்.

ஆக, பஜ்ஜி என்கிட்ட கத்துக்கிட்டது "ஹால்ல போகாதே"ங்கிறது இல்லை. "இந்த ஆள் கண்ணுல படாம போ"ங்கிறதுதான். சோபாவுக்குப் பின்னாடி அது சரியாத்தான் போயிருக்கு. ப்ரோக்ராம்ல பக் இல்லை மக்கா, எழுதினவன்கிட்டதான் பக்.

அப்புறம் என்ன, எக்செல் ஷீட் ஒண்ணு போட்டு நாலு நாள் நேரம் குறிச்சேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயும், ஆட்டம் முடிஞ்சதும். இவ்வளவுதான் மேட்டர். அந்தந்த நேரத்துக்குத் தூக்கிட்டுப் போய் பால்கனில மண் தட்டுல விட்டு, போன நொடியில ஒரு "சபாஷ்", ஒரு துண்டு அவிச்ச முட்டை. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வேற. மூணு வாரம் ஆச்சு. மாசக் கடைசில ஓனர் வந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்துட்டு, வாடகையை மட்டும் வாங்கிட்டுப் போயிட்டார்.

பஜ்ஜி இப்ப தானா பால்கனிக் கதவுகிட்ட போய் நிக்குது. ஆனா காலைல நான் பேப்பரை மடிச்சுக் கையில எடுத்தா, இன்னிக்கும் சோபாவுக்குப் பின்னாடி ஓடிடுது. நொடியில கத்துக் கொடுத்ததாச்சே, அது மறக்க எத்தனை மாசம் ஆகுமோ. நான் பேப்பரை டேபிள்ல விரிச்சு வச்சே படிக்கப் பழகிட்டேன்.