பலர் சேர்ந்து எழுதும் தொழில்நுட்ப நூல்: எந்தக் கருவி?

தொழில்நுட்ப நூல் அச்சானதோடு முடிவதில்லை. மென்பொருள் மாறினால் நூலும் மாறவேண்டும். ஆகவே கருவியைத் தெரிவு செய்கையில் நான் முதலில் பார்ப்பது, எழுதியவர் விலகிப்போனாலும் இன்னொருவர் தொடரமுடியுமா என்பதைத்தான்.

எழுத்துரு: பாமினியில் தட்டச்சிட்ட கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். ஒருங்குறியில் தொடங்குங்கள்.

முதல் வரைவு: கூகுள் டொக்ஸ் போதும். பலர் ஒரே நேரத்தில் எழுதலாம், ஓரத்தில் கருத்திடலாம். பல பதிப்புகளைச் சமாந்தரமாகத் திருத்த அது உதவாது.

பராமரிப்பு: மார்க்டவுன், ஆஸ்கிடொக் போன்ற வெறும் எழுத்துக் கோப்புகளையும், மாற்றங்களைப் பதியும் 'கிட்' மென்பொருளையும் பரிந்துரைப்பேன். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் நிற்கும். 2014இல் வந்த 'புரோ கிட்' இரண்டாம் பதிப்பு ஆஸ்கிடொக்கில் எழுதப்பட்டது. அதன் மூலக்கோப்புகள் கிட்ஹப்பில் திறந்திருப்பதால் வாசகர்களே பிழை திருத்தி அனுப்புகிறார்கள். வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதினால் திருத்தம் தெளிவாகத் தெரியும்.

பீடிஎஃப்: சில கருவிகள் தமிழின் கொம்புகளை இடம்மாற்றிவிடும். பான்டொக்குடன் ஸீலாடெக்கையும் தமிழ் எழுத்துருவையும் பயன்படுத்தினால் எழுத்துகள் சரியாகக் கோர்க்கப்படும். முதலில் ஒரு பக்கத்தைச் சோதியுங்கள்.

கிட்டில் நூலை முழுமையாகப் பிரதியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் அதன் திருத்த வரலாறும் சேர்ந்தே இருக்கும். இணையம் இல்லாதபோதும் வேலை செய்யலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் திரும்பவேயில்லை. எமக்கு இந்த வசதி சிறிய விடயமல்ல.