முத்துப்பாரும் கடைசி மருந்தும்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். சின்ன வகுப்பில் வாத்தியார் பெல்ஜியன் காங்கோ படத்தை விரித்து, இட்டூரி எங்கே என்று கேட்பார். அந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்த பாக்டீரியா ஒன்று பூஞ்சையைக் கொல்லும் பொருளைச் சுரக்கிறது என்று 1950-களில் கண்டார்கள். ஊர்ப் பெயரையே வைத்து அதை இட்டூரின் என்றார்கள்.

இந்த இனத்துக்கு லிப்போபெப்டைடு என்று பெயர். அமினோ அமிலங்கள் கோத்த ஒரு வளையம், அதில் ஒரு கொழுப்பு வால். சோப்பு மாதிரி எண்ணெயோடும் சேரும், தண்ணீரோடும் சேரும். 1968-இல் ஜப்பானில் கண்ட சர்ஃபாக்டினும் இந்த இனம்தான். எண்ணெய்ப் படலத்தைக் கரைக்க அது உதவும் என்கிறார்கள். துறைமுகத்து ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி.

இந்த இனத்தில் ஒன்று என் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அண்ணன் நுரையீரல் தொற்றோடு தீவிர சிகிச்சையில் கிடந்தார். "மற்ற மருந்து எதுவும் கேட்கவில்லை ஐயா. கொலிஸ்டின் போடுகிறோம். சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டே போடவேண்டும்" என்றார் டாக்டர். அண்ணன் பிழைத்து வீடு வந்தார்.

அப்புறம்தான் அதன் கதையைத் தேடிப் படித்தேன். கொலிஸ்டினும் மண் பாக்டீரியா தந்ததுதான். ஜப்பானில் கண்டது. கிருமியின் வெளித்தோலில் ஒட்டி அதைக் கிழித்துவிடும். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் டாக்டர்கள் ஒதுக்கினார்கள். புது மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் கடைசி ஆயுதமாகத் திரும்ப எடுத்தார்கள். இதற்கிடையில் கோழியும் பன்றியும் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலந்தார்கள். கிருமிகள் பழகிக்கொண்டன. கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று 2015-இல் சீனாவிலிருந்து சேதி வந்தது. கோழிப்பண்ணை, மீன் இறால் வளர்ப்பு, தீவனம் எதிலும் கூடாது என்று 2019 ஜூலையில் நம் அரசு தடை செய்தது.

நான் வேலைக்கு இங்கே வந்தபோது முத்துச் சலாபம் முடிந்துபோயிருந்தது. கடைசியாக நடந்தது 1961-இல். பழைய ஆட்கள் சொல்வார்கள்: முதலில் பாரைப் பரிசோதிப்பார்கள், சிப்பி முற்றவில்லை என்றால் அந்த வருடம் குளிப்பு கிடையாது. கடலில் கிடப்பதுதானே என்று யாரும் இறங்கி அள்ள முடியாது.

மருந்துக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும். சளி பிடித்தால் நாமே கடைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் கேட்கிறோம், இரண்டு நாளில் நிறுத்துகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். அண்ணன் படுக்கையருகே உட்கார்ந்த பிறகு விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.