செயற்கை மூக்கு உள்வைப்பு

செயற்கை மூக்கு உள்வைப்பு என்பது அழகு அறுவைச் சிகிச்சையில் மூக்குத் தண்டை உயர்த்தவோ வடிவத்தைத் திருத்தவோ தோலுக்கடியில் வைக்கப்படும் பொருள் ஆகும். சிலிகான், நுண்துளை டெப்லான், நுண்துளைப் பாலிஎதிலீன் ஆகியன இதற்குப் பயன்படுகின்றன.

சிலிகானுக்குள் திசு வளர்வதில்லை. அதைச் சுற்றி நார்த்திசு உறை உருவாகிறது. ஆகவே அகற்றுவது எளிது. ஆனால் அது இடம்பெயரலாம். மெலிந்த தோலைத் துளைத்து வெளிவரவும் கூடும். பாலிஎதிலீனின் துளைகளில் திசு வளர்வதால் அது உறுதியாக நிற்கும். தொற்று ஏற்பட்டால் அகற்றுவது கடினம்.

இந்தியாவின் பழைய முறைகளில் நோயாளியின் சொந்தத் தோலே பயன்பட்டது. சுசுருத சங்கிதை கன்னத் தோலைக் கூறுகிறது. நெற்றித் தோலால் மூக்கு அமைத்த இந்திய முறையை 1794 இல் இலண்டன் இதழொன்று வெளியிட்டது. இன்றும் காது, விலா, மூக்கு நடுச்சுவர் ஆகியவற்றின் குருத்தெலும்பைப் பல மருத்துவர்கள் விரும்புகின்றனர். இதில் தொற்றும் வெளித்தள்ளலும் குறைவு. எனினும் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்தால் அங்கு மற்றொரு காயம் ஏற்படும்.